நெருக்கடியில் இருப்பவர்களின் செல்லப்பிராணிகளுக்குத் தற்காலிகப் பராமரிப்பு கேட்டு மனு

அனுப்புநர்: நாய், பூனை வளர்க்கும் குடும்பங்களின் சார்பில்

பெறுநர்: இயக்குநர் அவர்கள், கால்நடைப் பராமரிப்புத் துறை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திடீரென்று அறுவை சிகிச்சைக்குப் படுத்தவர், வாடகை வீட்டைக் காலி செய்ய நேர்ந்தவர், அடி தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறும் பெண் ஆகியோர் வளர்க்கும் நாயையோ பூனையையோ நிலைமை சரியாகும்வரை யார் பார்த்துக்கொள்வது? சொந்தபந்தம் கைகொடுத்தால் சரி. இல்லாவிட்டால் காப்பகத்தில் நிரந்தரமாக எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது தெருவில் விட வேண்டும். சில வாரச் சிக்கலுக்கு ஆயுள் முழுவதற்குமான பிரிவு நியாயமே இல்லை.

இதில் மனித உயிரும் அடங்கியிருக்கிறது. 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் வந்தபோது, வளர்த்த பிராணியை விட்டுவிட்டு வர மனமில்லாமல் பலர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். மறு ஆண்டே, பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்கச் சொல்லி அங்கே சட்டம் வந்தது.

வீட்டு வன்முறையில் நிலைமை இன்னும் கொடுமை. “நீ போனால் நாயை என்ன செய்கிறேன் பார்” என்ற ஒரு மிரட்டலே ஒரு பெண்ணை அங்கேயே கட்டிப்போட்டுவிடும். பிரிட்டனில் டாக்ஸ் டிரஸ்ட் என்ற நாய்கள் நல அமைப்பு 2004 முதல் இப்படிப்பட்டவர்களின் நாய்களைத் தன்னார்வலர் வீடுகளில் வளர்த்து, பிறகு உரியவரிடமே ஒப்படைக்கிறது. நாய் இருக்கும் இடம் ரகசியமாக வைக்கப்படுகிறது. நாய் வழியாக அந்தப் பெண்ணைத் தேடிப் பிடிக்க யாருக்கும் வழி கிடைக்கக் கூடாது அல்லவா?

நாங்கள் புதிய கட்டடம் கேட்கவில்லை. பதிவு செய்த தன்னார்வலர்களின் வீடுகளே போதும். சொல்லப்போனால் அதுதான் நல்லது. இடம் மாறிய பூனை பயத்தில் சாப்பிடாமல் கிடக்கும், சில நாள் அப்படிப் போனாலே கல்லீரல் கெடும். குரைப்புச் சத்தம் ஓயாத கூண்டு வரிசையைவிட அதற்கு அமைதியான ஓர் அறை தேவை. சேர்க்கும்போதே அரசுக் கால்நடை மருத்துவர் பரிசோதித்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் போட்டுவிடலாம். பார்வோ என்ற கொடிய குடல்நோய் வைரஸுக்குத் தடுப்பூசி போடாத நாய்க்குட்டிகளைத் தனியே வைக்க வேண்டும், அது வேகமாகப் பரவும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒப்பந்தப் படிவம். பிராணியின் உரிமை வளர்த்தவரிடமே இருக்கும் என்று அதில் தெளிவாக எழுத வேண்டும். எத்தனை நாள், அதை எப்படி நீட்டிப்பது, அவசரச் சிகிச்சைக்கு யார் சம்மதம் தருவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். கெடு முடிந்தும் உரியவர் வரவில்லை என்றால், முறையாக அறிவிப்புக் கொடுத்து அவகாசம் தந்த பிறகே வேறு வீடு தேடலாம்.

அப்புறம், இதற்கென ஒரு தொலைபேசி எண் மருத்துவமனைச் சேர்க்கைப் பிரிவிலும் காவல் நிலையத்திலும் பெண்கள் உதவி மையத்திலும் இருக்க வேண்டும். நெருக்கடியில் தவிப்பவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க முடியாது.

முதற்கட்டமாக ஒரு கால்நடை மருத்துவமனையின் எல்லைக்குள்ளாவது இதைத் தொடங்க ஆணையிட வேண்டுகிறோம். தன்னார்வலர்களைத் திரட்டித் தருவது எங்கள் பொறுப்பு. நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தந்தால் வந்து பேசத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்