ரேஸ்கோஸ் படத்துக்கு கீழ அவ்வளவுதானா?

ஆசிரியருக்கு,

போன ஞாயிறு பேப்பர்ல போட்ட பழைய கொழும்பு போட்டோக்கள பேத்திக்கு காட்டிக்கொண்டு இருந்தன், நல்லாத்தான் இருந்திச்சு, ஆனா குதிரைப் பந்தயம் நடந்த ரேஸ்கோஸ் படத்துக்கு கீழ வெறும் ‘அழகிய கட்டிடம்’ எண்டு போட்டுட்டீங்களே. அந்த ஸ்டேண்ட்ல இருந்த சனம் கட்டிடம் பார்க்கவா வந்தது? எங்கட அப்பா சம்பள நாள்ல ரேஸ் ஷீட்ட நாலா மடிச்சு சேர்ட் பொக்கெட்ல செருகி, பென்சில காதுல வச்சுக்கொண்டு போவார், பஸ்ஸுக்கும் காசில்லாம நடந்து வந்தா அம்மா ஒரு கதையும் கதைக்காம சோத்தப் போட்டு வச்சிட்டு உள்ளுக்குப் போயிடுவா. பண்டாரநாயக்க ஆட்சியில ரேஸ் நிண்டுச்சு, சூது நிக்கேல்ல, பந்தயக் காசு வாங்குற புக்கி கடைக்குள்ள நிண்டு இங்கிலாந்து குதிரைக்கு காசு கட்டினாங்க, குதிரைய கண்ணால கூட காணாம. ரெண்டாம் உலக யுத்த காலத்தில அந்த இடம் பிளேன் இறங்கின ஓடுபாதை, அதையும் போடேல்ல.

கோட்டையில இருக்கிற சிலின்கோ ஹவுஸ் கட்டிடத்திண்ட படமும் அப்படித்தான். 1996 மத்திய வங்கி குண்டுவெடிப்புல அது எரிஞ்சதும், அதுக்கு முந்தி உச்சி மாடியில இருந்த ‘ஆகாச கடை’ எண்ட சாப்பாட்டுக் கடையில ஹாபர பார்த்துக்கொண்டு முட்டை அப்பம் திண்டதும் தெரிஞ்ச ஆக்கள் இன்னும் இருக்கிறம். அடுத்த தரம் போடேக்க எங்களிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க.

பழைய வாசகன், வெள்ளவத்தை