செராமிக்ஸை ஏன் அழித்தாய், தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவின் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தேர்வுப் படிவத்தை நேற்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாயே, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி வரியில் அவள் பென்சிலால் ‘செராமிக்ஸ்’ (மண்பாண்டக் கலை) என்று எழுதியதை அழித்துவிட்டு, உன் கையெழுத்தில் ‘ஏபி ஹியூமன் ஜியாக்ரஃபி’ என்று இருக்கிறது. ஏபி என்றால் பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம். அழித்த தடம் அப்படியே தெரிகிறது. நல்ல கல்லூரி கிடைக்க ஒன்பதிலேயே ஏபி எடுக்க வேண்டுமா என்ற இதே கேள்வியை நாலைந்து பேர் கேட்டுவிட்டதால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

நம் ஊர்க் கணக்கு இன்னும் உன் தலையை விட்டுப் போகவில்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்குக் கட்ஆஃப். பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு பிளஸ் டூவையே இரண்டு வருடம் உருப்போட வைத்த பள்ளிகளை நாம் பார்த்தவர்கள்தானே. இங்கே அமெரிக்காவில் அப்படி இல்லை. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது டிரான்ஸ்கிரிப்ட்டோடு (எடுத்த பாடங்களும் கிரேடுகளும் உள்ள பட்டியல்) பள்ளியைப் பற்றிய ப்ரொஃபைலும் போகும். அங்கே என்னென்ன ஏபி இருக்கிறது, இவள் அதில் எதை எடுத்தாள் என்று பார்ப்பார்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் பள்ளிக் கவுன்சிலர் நிரப்பும் படிவத்தில், மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவள் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினம் என்றே ஒரு கேள்வி உண்டு. அதனால் கடினமான பாடம் வேண்டும் என்று நீ நினைப்பது தப்பில்லை.

ஆனால் நீ குறிவைப்பது யூசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். அவர்கள் ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) போடுவது ஒன்பது முடிந்த கோடையிலிருந்து பதினொன்று முடிந்த கோடை வரைக்கும்தான். ஹானர்ஸ் என்னும் கடினமான வகுப்புகளுக்கும் ஏபிக்குமான கூடுதல் புள்ளி மொத்தம் எட்டு செமஸ்டருக்கு மேல் கிடையாது. அதிலும் பத்தாம் வகுப்புக்கு நான்குதான். ஒன்பதாம் வகுப்பு ஏபிக்கு ஒரு புள்ளிகூட ஏறாது. அந்த வருட கிரேடு அவர்கள் கண்ணில் படும், அவ்வளவுதான். தனியார் கல்லூரிகள் ஒன்பதாம் வகுப்பையும் எடைபோடும், சரி. அங்கேயும் இந்த ஒரு ஏபியால் கதவு திறந்துவிடாது.

அந்தப் படிவத்தில் உண்மையிலேயே கனமான வரி கணக்குதான். எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடிக்கிறாள். ஒன்பதில் ஜியோமெட்ரி, அப்புறம் அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில் ஏபி கால்குலஸ். போதும். ஜியோமெட்ரியைக் கோடையில் முடித்துவிடலாமா என்று கேட்கிறாய். என் பையனுக்கு அதைத்தான் செய்தேன். ஆறு வாரத்தில் முழுப் புத்தகமும் ஓடிவிட்டது. ஒன்பதில் அல்ஜீப்ரா 2, எப்படியோ தப்பித்தான். பத்தாம் வகுப்பு ப்ரீகால்குலஸில் டிரிகோனாமெட்ரி வந்தபோது, ஜியோமெட்ரியில் படித்த வடிவொத்த முக்கோணமே தடுமாறியது. இரவு பதினோரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் நான் முக்கோணம் வரைய, அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த செமஸ்டர் சி. எந்த வருடம் யூசி கணக்கில் ஏறுமோ, சரியாக அந்த வருடத்தில்.

ஸ்பானிஷை விட்டுவிடாதே. யூசி கேட்பது இரண்டு வருடம், மூன்று இருந்தால் நல்லது என்கிறது. ஹார்வர்ட் நான்கு வருடத்தைப் பரிந்துரைக்கிறது.

இன்னொன்று. யூசியில் சேரக் கட்டாயமான பாடப் பிரிவுகளை ஏ-ஜி என்பார்கள். அதில் ‘எஃப்’ என்பது கலை. ஒரு வருடம் கட்டாயம். பள்ளியின் ஏ-ஜி பட்டியலில் செராமிக்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, படிவத்தைப் பாப்பாவிடமே கொடு. அவளே எழுதட்டும். வெள்ளிக்கிழமைதானே கடைசி நாள்?

அன்புடன்,
அக்கா