ஒரே இரவில் இரண்டு படங்கள்: தொலைக்காட்சி நிலையத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தொலைக்காட்சியில் திரைப்படங்களுக்கு நாளும் நேரமும் குறிக்கிறவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு உங்களில் ஒரு நிலையம் வங்காள இயக்குநர் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை ஒளிபரப்பியது. அதே இரவு, அதே எட்டரை மணிக்கு, இன்னொரு நிலையம் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யை ஒளிபரப்பியது. முதலில் இரண்டு நிலையங்களுக்கும் நன்றி. ஒன்று 1955இல் வந்த படம், மற்றது 1953இல் வந்தது. இரண்டும் கறுப்பு வெள்ளை, இரண்டிலும் சண்டையோ துரத்தலோ இல்லை. இப்படிப்பட்ட படங்களுக்குச் சனிக்கிழமை இரவை ஒதுக்க வேண்டுமென்றால் உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் விடாமல் வாதாடியிருக்க வேண்டும். அந்த ஒருவர் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அன்று நான் அம்மாவுடன் இருந்தேன். அம்மாவுக்கு 74 வயது, தனியாக இருக்கிறார். ஆண்டுக்கு இரண்டு முறை போய் மூன்று நான்கு நாள் தங்கிவிட்டு வருவேன். இரண்டு படங்களையும் அவர் பார்த்ததில்லை. நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன், வாழ்க்கையின் வெவ்வேறு காலங்களில். அதனால் எதைப் பார்ப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"எது நல்ல படம்?" என்று கேட்டார்.

"இரண்டுமே நல்ல படம்தான் அம்மா."

"இரண்டும் நல்ல படமென்றால் எதற்கு ஒரே நேரத்தில் போடுகிறார்கள்?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

போட்டி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நிலையம் புதிய படத்தைப் போட்டால் மற்றொன்றும் ஒரு புதிய படத்தை எதிரே நிறுத்துவது வழக்கம்தான். அங்கே கூட்டம் பெரிது, பிரித்துக்கொண்டாலும் ஆளுக்கு ஒரு பங்கு கிடைக்கும். ஆனால் ராயின் படத்துக்காகக் காத்திருப்பவர்தான் ஓசுவின் படத்துக்கும் காத்திருப்பவர். நாங்கள் சிறு கூட்டம். அந்தச் சிறு கூட்டத்தை இரண்டாகக் கிழித்துவிட்டு, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே எண்ணிப் பார்த்து, "இந்த மாதிரிப் படங்களை யாரும் பார்ப்பதில்லை" என்று ஒரு முடிவுக்கு வருவீர்களோ என்பதுதான் என் கவலை. அப்படி ஒரு முடிவு எழுதப்பட்டால் அடுத்த ஆண்டு இரண்டு படங்களும் இருக்காது. வாதாடிய அந்த ஒருவரின் சொல்லும் அதன் பிறகு எடுபடாது.

விருதுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. உங்கள் விளம்பரங்களிலேயே சொன்னீர்கள்: 'பதேர் பாஞ்சாலி' 1956இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற விருதைப் பெற்றது; 'டோக்கியோ ஸ்டோரி'யை 2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ் நடத்திய வாக்கெடுப்பில் உலக இயக்குநர்கள் முதலிடத்தில் வைத்தார்கள். தராசின் இரண்டு தட்டுகளும் அசையாமல் நிற்கின்றன. ஒரு வீட்டில், ஓர் இரவில், குறிப்பிட்ட ஒருவருக்கு எந்தப் படம் பொருந்தும் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'டோக்கியோ ஸ்டோரி'யை அம்மாவுடன் உட்கார்ந்து பார்க்க எனக்கு அச்சமாக இருந்தது. ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான பெற்றோர் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மகன் மருத்துவர், மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். இருவரும் கெட்டவர்கள் இல்லை, வேலை இருக்கிறது, அவ்வளவுதான். பெற்றோரை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், செலவைப் பகிர்ந்துகொண்டு அத்தாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். போரில் இறந்துபோன மகனின் மனைவி நொரிகோ மட்டும் வேலைக்கு விடுப்பு எடுத்து அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போகும் நான் அந்தப் படத்தில் யார் என்று அம்மா பார்த்துவிடுவார் என்ற பயம்.

ஆகவே ராயின் படத்தை வைத்தேன். குழந்தைகள் வருகிறார்கள், உங்களுக்குப் பிடிக்கும் என்றேன். அது பொய்யில்லை. முதன்முறையாக இப்படிப்பட்ட படம் பார்க்கும் எவருக்கும் நான் ராயின் படத்தைத்தான் சொல்வேன். அதில் வரும் தம்பி அப்புவும் அக்கா துர்காவும் நம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அம்மாவும் போனார். சப்டைட்டிலை அவரால் வேகமாகப் படிக்க முடியாது என்பதால் நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தேன். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு நான் படிப்பதையே அவர் கேட்கவில்லை. கூன் விழுந்த இந்திர் பாட்டியையும் பழம் திருடிக் கொண்டுவந்து அவளுக்குக் கொடுக்கும் துர்காவையும் பார்த்தபடி, மடியில் இருந்த ரிமோட்டை மறந்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு அந்த நாணற்காடு வந்தது. வெள்ளைப் பூக்கள் தலைக்கு மேலே ஆட, தூரத்து ரயிலின் ஓசையை மட்டுமே கேட்டிருந்த அக்காவும் தம்பியும் வீட்டிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டார்கள். அந்த வெளியில் ஒரு கம்பம் நிற்கிறது. அதிலிருந்து ஏதோ ரீங்காரம் வருகிறது. துர்கா கம்பத்தில் காதை வைத்துக் கேட்கிறாள். அம்மா சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

விளம்பரம் வந்தது.

அந்தக் காட்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1952 அக்டோபரில் ராய் படப்பிடிப்பைத் தொடங்கியதே அங்கேதான். முதல் நாள் கொஞ்சம் எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போனால் பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்து முடித்திருந்தன. நாணல் மறுபடி பூக்கும் பருவம் வரும்வரை காத்திருந்து மிச்சத்தை எடுத்தார். இதற்கிடையே ஆயுள் காப்பீட்டுப் பத்திரமும் மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. 1993இல் லண்டனில் ஒரு திரைப்பட லாபரட்டரியில் நடந்த தீ விபத்தில் மூல நெகட்டிவ் கருகியது. கருகிப் போனதில் மிஞ்சியதை இத்தாலியின் பொலோஞா நகரத்தில் ஒவ்வொரு பிரேமாகச் சரிசெய்து, 2015இல்தான் படத்தை மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார்கள். மாடு மேய்ந்தது போக, தீ தின்றது போக, நம் வீட்டுக்குள் வந்து சேர்ந்த காட்சி அது. அதன் நடுவில் உங்கள் விளம்பரத்தை நிறுத்தியவருக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் இரண்டு நிமிடம் பொறுத்திருப்பார் என்றே நம்புகிறேன்.

விளம்பரம் நீண்டது. அம்மா ரிமோட்டை எடுத்து அடுத்த படத்துக்குப் போனார். வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். அங்கே ஒரு கடற்கரை, நீளமான சுவர், அதன் மேல் வயதான கணவனும் மனைவியும் ஒருவர் பின் ஒருவராக நடந்துகொண்டிருந்தார்கள். "யார் இவர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "பிள்ளைகள் அனுப்பிவைத்தார்களா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். நான் ஒளித்துவைத்த படத்தை அவர் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டார்.

ஆனால் நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு நிமிடம் தாமதமாக. அந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கும் தோமி என்ற அந்தத் தாய் எழும்போது தலைசுற்றிச் சற்று நிலை தடுமாறுவாள். ஒன்றுமில்லை, இரவு சரியாகத் தூங்கவில்லை என்பதுபோல் பேச்சு கடந்துபோய்விடும். படத்தின் பிற்பாதி முழுவதும் அந்த ஒரு தடுமாற்றத்தின் மேல்தான் நிற்கிறது. ஊர் திரும்பியதும் தோமி படுக்கையில் விழுந்து இறந்துபோகிறாள். அம்மா என் பக்கம் திரும்பி, "நன்றாகத்தானே நடந்துகொண்டிருந்தார்கள், இப்படித் திடீரென்றா?" என்று கேட்டார். ஓசு திடீரென்று எதையும் செய்பவர் இல்லை. இரண்டு படங்களுக்கு நடுவே நாங்கள் தாவியதால் அவர் திடீரென்று செய்ததாக ஆகிவிட்டது.

இன்னொரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு படங்களும் அகலமும் உயரமும் ஏறக்குறைய 1.37க்கு 1 என்ற பழைய விகிதத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகன்ற திரையில் காட்டும்போது இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். விழட்டும். ஒரு நிலையம் அந்தப் பட்டைகளைப் போக்குவதற்காகப் படத்தை மேலும் கீழும் வெட்டித் திரையை நிரப்பியிருந்தது. அப்படி வெட்டினால் படத்தின் உயரத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் காணாமல் போகிறது. ஓசு கேமராவைத் தரையை ஒட்டித் தாழ்வாக வைத்து எடுப்பவர். தரையில் மண்டியிட்டு அமர்ந்திருக்கும் மனிதர்களை, தரையில் அமர்ந்திருப்பவரின் கண் மட்டத்திலிருந்து பார்ப்பவர். அவர் படத்தில் தரையை வெட்டிவிட்டு என்னதான் காட்டுவது? மிச்சமிருந்த இடத்தில் ஓடிய செய்தி வரி சப்டைட்டிலை மறைத்ததால், நொரிகோவும் இளைய மகள் கியோகோவும் கடைசியில் பேசிக்கொள்ளும் இரண்டு வரிகளை என்னால் படித்துச் சொல்ல முடியவில்லை. என் நினைவிலிருந்து சொன்னேன். மனைவியை இழந்த கிழவர் தனியே உட்கார்ந்திருக்க, வெளியே படகின் ஓசை கேட்கும் அந்த முடிவின் மேல், அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்கும் குரல் ஏறி வந்தது.

"விருப்பமானவர்கள் இணையத்தில் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாமே" என்று நீங்கள் சொல்லக்கூடும். நான் பார்த்துக்கொள்வேன். அம்மா பார்க்க மாட்டார். தேடத் தெரிந்தவருக்குத்தான் அங்கே கிடைக்கும். எதைத் தேடுவது என்றே தெரியாதவரின் வீட்டுக்குள் ஒரு படத்தைக் கொண்டுபோய் வைப்பது தொலைக்காட்சி மட்டும்தான். அமெரிக்காவில் இயக்குநர் பிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' 1946இல் வெளிவந்தபோது போட்ட பணத்தைக்கூட எடுக்கவில்லை. 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். கட்டணமில்லாமல் கிடைத்ததால் நிலையங்கள் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் நாட்களில் அதை ஒளிபரப்பின. திரையரங்கில் பெரிதாகப் பேசப்படாத படம் வீட்டுக் கூடங்களில் மக்களின் படமாக மாறியது. அந்த நாட்டுத் தொலைக்காட்சிக்காரர்கள் செய்ததெல்லாம் அதைத் திரும்பத் திரும்ப, எதிர்பார்க்கக்கூடிய நாளில் போட்டதுதான். அந்த ஆற்றல் உங்கள் கையிலும் இருக்கிறது.

என் வேண்டுகோள் பெரிதில்லை. இரண்டு படங்களையும் ஒன்றுக்கொன்று எதிரே நிறுத்தாமல் அடுத்தடுத்த நாட்களில் வையுங்கள். சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மற்றது. நிலையங்கள் வேறாகவே இருக்கட்டும், ஒருவரின் அட்டவணையை மற்றவர் பார்த்துவிட்டு ஒரு நாள் தள்ளினால் போதும். ராயின் படத்தை முதலில் வைத்தால் இன்னும் நல்லது. அது, பிழைக்க வழியில்லாத ஒரு குடும்பம் பாழான வீட்டை விட்டு மாட்டுவண்டி ஏறி நகரத்துக்குப் போவதில் முடிகிறது. ஓசுவின் படம், நகரத்துக்குப் போய்விட்ட பிள்ளைகளைத் தேடிப் பெற்றோர் புறப்படுவதில் தொடங்குகிறது. ஒருவரை ஒருவர் தொடாத இரண்டு நாடுகளின் படங்கள்தான். ஆனால் முதல் நாள் அந்த வண்டி போவதைப் பார்த்தவர், மறுநாள் அந்த முதியவர்கள் பெட்டி கட்டுவதை வேறு கண்ணோடு பார்ப்பார். நீங்கள் எதிரெதிரே நிறுத்தியவை உண்மையில் ஒன்றன் பின் ஒன்றாக வர வேண்டியவை.

விளம்பரம் இல்லாமல் உங்களால் நிலையம் நடத்த முடியாது, அது புரிகிறது. படத்தை ஒருமுறை பார்த்தவரிடம் எங்கே நிறுத்தலாம் என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் நிறுத்தக்கூடிய இடங்கள் எத்தனையோ இருக்கின்றன, ஒரு பருவம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடங்கள். நாளையும் நேரத்தையும் ஒரு வாரம் முன்பே அறிவித்துவிட்டு அதில் நின்றால், என்னைப் போன்றவர்கள் பயணத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்வோம்.

நான் ஊருக்குத் திரும்பிய பிறகு அம்மா இரண்டு முறை தொலைபேசியில் பேசினார். தோமியைப் பற்றியும் நொரிகோவுக்கு மாமனார் கொடுத்த கடிகாரத்தைப் பற்றியும் பேசினார். இரண்டாவது முறை, வைக்கப்போகும் நேரத்தில், "அந்த இரண்டு குழந்தைகளும் ரயிலைப் பார்த்தார்களா?" என்று கேட்டார். அந்தக் கம்பத்தில் காதை வைத்ததோடு நாங்கள் விட்டுவிட்டு வந்த குழந்தைகளை ஒரு மாதமாக அவர் மறக்கவில்லை.

ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுபடி போடுவார்கள், நீங்களே பாருங்கள் அம்மா என்று சொல்லிவைத்தேன். எந்த நாள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் நாளைச் சொன்னால் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு நிலையங்களையும் பார்க்கும் ஒருவர்