ஊற்றுநீர்ப் பயனாளர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கும், மந்து என்னும் தங்கள் சிற்றூரிலிருந்து இறங்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நீலகிரிப் பழங்குடியினரான தோடர் பெரியவர்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். நம் கூட்டங்களில் தேநீருக்கு ஆன செலவைப் பற்றிய கேள்விகளையும் அவரிடமே கேளுங்கள்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, மந்துக்குக் கீழே உள்ள ஊற்றிலிருந்து நம் குடியிருப்புக்குக் குழாய் இறக்கியது. ஊராட்சி முதலில் போட்ட வரைபடத்தில், நீர்த்தொட்டி கோயில் ஓடையின் மேல் அமைந்திருந்தது. எருமைப்பால் கடையும் கோயிலுக்கான தண்ணீர் வேறு, வீட்டுக்கான தண்ணீர் வேறு என்பது தோடர் வழக்கம். ஒரே ஓடையானாலும் எங்கே எதற்கு மொள்ளுவது என்பதற்கு எல்லை உண்டு. பெரியவர்கள் மறுத்ததும் நம்மில் சிலர் முகம் சுளித்தோம். அதில் நானும் ஒருவன். பிறகு அவர்களே நடந்து காட்டிய இடத்தில்தான் தொட்டி நிற்கிறது. கோடையிலும் அங்கே நீர் குறையவில்லை.

அந்த ஊற்றைச் சுற்றியிருந்த சீகை (வாட்டில்) மரக் கன்றுகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பிடுங்கினோம். புல்வெளியும் சதுப்பும் மழையைப் பஞ்சு போல வாங்கிவைத்து, மெல்லக் கசியவிடுகின்றன. சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) அடர்ந்துவிட்டால் கசிவு குறைகிறது. வேரோடு வராத சீகை மறுபடி தழைக்கிறது. ஆகவே இது ஓராண்டில் முடிகிற வேலை அல்ல. வரும் ஆண்டில் இளைஞர்கள் கூடுதலாக வர வேண்டும்; என் இடுப்பு இனித் தாங்காது.

இனி, தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். கோயில் ஓடையைத் தொடமாட்டோம் என்ற உறுதியை ஊராட்சித் தலைவரும் நாமும் வாய்மொழியாகவே கொடுத்தோம். அதை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றாதது என் பிழை. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலரிடம் போனது. "தீர்மானம் எங்கே?" என்று அவர் கேட்டது நியாயமே. காட்ட எதுவும் இல்லை.

பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது; அது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கானது, இங்கே அப்படிப்பட்ட பகுதிகள் இல்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, நீர்பிடிப்பையும் நீர்நிலைகளையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தினத்தையொட்டிய கிராம சபையில் தீர்மானம் வைத்தோம். மந்திலிருந்து பெண்களும் வந்து கையெழுத்திட்டார்கள். தீர்மானத்தின் நகல் இன்று மேசையில் இருக்கிறது.

தொட்டியின் மூடி விரிசல் விட்டிருக்கிறது. மழைக்கு முன் மாற்ற வேண்டும். யார் பொறுப்பேற்கிறீர்கள் என்பதை இந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

செயலாளர்