பைக்குள் பெருகுகிறது, காட்டில் அருகுகிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டிலேயே காளான் வளர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். சிங்கப்பிடரிக் காளானை மரத்தூள் பையில் வளர்க்கும் முறையைத் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் பிரிட்டன் காடுகளில் அதே காளான் அரிதாகிப் போனது பற்றி ஒரு வரிகூட இல்லை. 1981ஆம் ஆண்டின் பிரிட்டனின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தில், பாதுகாக்கப்பட்ட தாவரங்களையும் காளான்களையும் பட்டியலிடும் 8ஆம் அட்டவணையில் உள்ள மிகச் சில காளான்களில் இதுவும் ஒன்று. காட்டில் இதை வேண்டுமென்றே பறிப்பதும், பறித்து விற்பதும் இங்கே குற்றம்.

தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டில் இதை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அக்டோபர் மாதம், மழை விட்ட நேரம். கிழட்டு பீச் (beech) மரம் ஒன்றில், எப்போதோ கிளை முறிந்த காயத்திலிருந்து, என் தலைக்குச் சற்று மேலே தொங்கியது. பிடரி என்பதைவிட நரைத்த தாடி என்றே சொல்வேன். வெள்ளை வெளேரென்று நெருக்கமாகத் தொங்கும் முட்கள், நுனிதோறும் ஒரு நீர்த்துளி. ஓரங்களில் மட்டும் லேசாக மஞ்சள் பாரித்திருந்தது. கை நீட்டினால் எட்டும். தொடாமல் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். அதன் உடம்பெல்லாம் மரத்தின் வைரத்துக்குள், அதாவது நடுக்கட்டைக்குள், இழை இழையாக ஓடிக் கிடக்கிறது. அந்த வைரம் உளுக்க மரத்துக்கு நல்ல வயதாக வேண்டும். இன்று நடும் பீச் கன்று நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்கூட இதற்கு உதவாது.

அதனால்தான் பறிப்பவர்களைவிட மரம் அறுப்பவர்களை நினைத்து எனக்குக் கவலை அதிகம். நான் வழக்கமாக நடக்கும் தோப்பில், பாதையோரம் நின்ற பட்ட மரம் ஒன்றை ஆபத்து என்று அடியோடு வெட்டி, கட்டையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நடப்பவர் தலையில் கிளை விழக் கூடாது, சரி. பாரமான கிளைகளை மட்டும் கழித்துவிட்டு அடிமரத்தை நிற்க விட்டிருக்கலாமே! வெட்டியதையாவது அங்கேயே போட்டிருக்கலாம்.

அப்புறம், பையில் வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவடை முடிந்த பையைக் காட்டோரம் வீசாதீர்கள். அதிலிருப்பது எந்த ஊர் வித்து என்று நமக்குத் தெரியாது. அமெரிக்காவில் வளர்ப்பிலிருந்து தப்பிய ஆசியப் பொன்னிறச் சிப்பிக்காளான் இன்று அங்குள்ள காடுகளில் பரவி நிற்கிறது. இந்த எச்சரிக்கையை அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், சவுத்தாம்ப்டன்