தவித்தார்களா, ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க அரசு முடக்கம் குறித்த தங்கள் கட்டுரையில் "ஊழியர்களோடு காங்கிரஸ் உறுப்பினர்களும் சம்பளமின்றித் தவித்தனர்" என்று ஒரு வரி. தவித்தார்களாம்! காங்கிரஸ் என்றால் இங்கே அமெரிக்க நாடாளுமன்றம். 2025 அக்டோபர் 1 தொடங்கி 43 நாள் நீடித்த முடக்கத்தில் அவர்கள் சம்பளத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

ஆண்டுதோறும் ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறினால்தான் பணம் என்றிருக்கும் துறைகளே முடங்கும். நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிந்துவிடும். மறுநாள் மசோதா கையில் இல்லையென்றால், ஒதுக்காத பணத்தைத் தொடக்கூடாது என்ற 1884-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். உறுப்பினர் சம்பளமோ அந்த மசோதாவுக்குள்ளேயே வராது. 1981-இல் போட்ட சட்டப்படி அது நிரந்தர ஒதுக்கீடு. ஆண்டுக்கு 1,74,000 டாலர், மாதக் கணக்கில் 14,500. (2009-க்குப் பிறகு உயரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.) தவித்தவர்கள் விமான நிலையச் சோதனைப் பணியாளர்கள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், ஏன், இதே உறுப்பினர்களின் அலுவலக உதவியாளர்கள். அவர்களுக்காவது 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலுவை பின்னால் வரும். ஒப்பந்தத்தில் தரை துடைப்பவருக்கு அதுவும் இல்லை. கட்டுரையாளர் கண்ணுக்கு அவர் படவே இல்லை.

சில உறுப்பினர்கள் "என் சம்பளத்தை நிறுத்திவையுங்கள்" என்று கடிதம் கொடுத்ததைத் தியாகம் என்று பெட்டிச் செய்தி போட்டீர்கள். முடக்கம் தீர்ந்ததும் அந்தத் தொகை கைக்கு வந்துவிடும், ஐயா. தானமாகக் கொடுத்தவர்களை வேண்டுமானால் பாராட்டுங்கள்.

"உடனே சட்டம் போட்டு வெட்ட வேண்டியதுதானே?" என்று தலையங்கத்தில் கேட்டதும் நினைவிருக்கிறது. அமெரிக்க அரசியலமைப்பின் 27-ஆவது திருத்தம் விடாது. சம்பளத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும், அடுத்த பிரதிநிதிகள் சபைத் தேர்தல் முடிந்த பிறகே அது செல்லும். அதனால்தான் 2013-இல், வெட்டாமல், தனிக் கணக்கில் நிறுத்தி வைக்கும் வழியைச் சட்டமாக்கினார்கள். ஏப்ரல் 15-க்குள் பட்ஜெட் தீர்மானத்தை நிறைவேற்றாத அவைக்கே அந்தத் தண்டனை. இரு அவைகளும் நாளுக்குள் முடித்துக்கொண்டன, ஒருவர் சம்பளமும் நிற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அரசு 16 நாள் முடங்கியபோதும் அந்தச் சட்டம் வாய் திறக்கவில்லை. செலவுத் திட்டம் வகுக்கும் தீர்மானம் வேறு, பணத்தைக் கையில் தரும் ஒதுக்கீட்டு மசோதா வேறு. அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற கடன் உச்சவரம்பு இரண்டுக்கும் வேறானது. அதையும் முடக்கத்தையும் ஒன்றாக்கித் தாங்கள் எழுதியபோது நான் அனுப்பிய கடிதம் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். பரவாயில்லை.

நான் கேட்பது ஒரு மூலையில் இரண்டு வரித் திருத்தம். 27-ஆவது திருத்தம் 1789-இல் காங்கிரஸிலிருந்து கிளம்பி 1992-இல்தான் மாநிலங்களின் ஒப்புதலோடு ஊர் வந்து சேர்ந்தது. தங்களுடையதை அடுத்த இதழிலேயே எதிர்பார்க்கலாமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர்,
தஞ்சாவூர்