நம்ம பறவை கிளப்புக்கு முகம் குடுத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். இன்னும் ரெண்டு வாரத்துல ஹாஸ்டல் ரூம காலி பண்ணிட்டு ஊருக்கு கிளம்பிடுவேன், ரெண்டு வருஷமா கிளப்போட போஸ்டர், லோகோ, இன்ஸ்டா பேஜ் எல்லாம் என் கையில இருந்துச்சு, வெளிய இருந்து பாக்குறவங்க "நல்லா பிராண்டிங் பண்ணிருக்கீங்க"னு என்கிட்ட சொல்றாங்க, ஆனா அதுல பெரும்பாதி வேற ஆளுங்க குடுத்தது, அவங்கள்ல முக்காவாசி பேர் கிளப் மெம்பர்கூட கிடையாது. அதான் எல்லாருக்கும் தெரியுற மாதிரி அவங்களுக்கு நன்றி சொல்லி எழுதுறேன். பேர் போடாதம்மானு நிறைய பேர் கேட்டுக்கிட்டீங்க, அதனால யார் பேரும் போடல. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதல் போஸ்டர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஆகஸ்ட்ல கிளப் ஆரம்பிச்சப்போ நெட்ல ப்ரீயா கிடைச்ச ஒரு படத்த எடுத்து போட்டேன், பெரிய ஆரஞ்சு மூக்கு வெச்ச டூக்கான். கலர் அள்ளுச்சு. நூறு ஏ3 அடிச்சு எல்லா டிபார்ட்மென்ட் போர்டுலயும் ஒட்டினோம், ஞாயித்துக்கிழமை காலைல பறவை பாத்துக்கிட்டே நடக்குற வாக்குக்கு மூணு பேர் வந்தாங்க, அதுல ரெண்டு பேர் என் ரூம்மேட்ஸ். அன்னைக்கு லைப்ரரி பின்னாடி செடிக்கு தண்ணி விட்டுக்கிட்டு இருந்த தோட்டத்து ஐயா போஸ்டர கொஞ்ச நேரம் பாத்துட்டு கேட்டாரு, "ஏம்மா, இது எந்த ஊரு குருவி? நம்ம கிரவுண்டுல ராத்திரியெல்லாம் கத்துதே ஆள்காட்டி, அத போட்டா எல்லாருக்கும் தெரியுமே."

டூக்கான் தென் அமெரிக்கா பக்கம் இருக்குற பறவை. திருச்சிப் பக்கம் ஒரு கேம்பஸ்ல பறவை பாக்க வாங்கனு கூப்பிடுறோம், இங்க யாராலயும் பாக்க முடியாத ஒன்ன காட்டி கூப்பிட்டிருக்கோம். ஐயா சொன்ன அந்த ஒரு வரில தான் கிளப்போட பிராண்டிங் மொத்தமும் ஆரம்பிச்சுது. ஐயா, உங்களுக்குத் தான் முதல் நன்றி. அதுக்கப்புறம் எந்த டிசைன் வந்தாலும் உங்ககிட்ட காட்டாம நான் பிரிண்டுக்கு அனுப்பினதே இல்ல, அது உங்களுக்கும் தெரியும்.

ஆள்காட்டினு முடிவாச்சு. பேர்லயே எல்லாம் இருக்கு, யாராவது கிட்ட வந்தா கத்தி ஆள காட்டிக் குடுக்கும், கிரிக்கெட் ஆடுறவன்ல இருந்து நைட் ஸ்டடி போறவன் வரைக்கும் அந்த சத்தம் கேக்காத ஆளே நம்ம கேம்பஸ்ல கிடையாது. வரைஞ்சது விஸ்காம் பைனல் இயர் அண்ணா, இப்போ சென்னைல வேலைல இருக்காரு. எட்டு தடவ வரைஞ்சாரு, காசு வேண்டாம்னுட்டாரு, டீ மட்டும் வாங்கி குடுத்தோம். அஞ்சாவது டிராப்ட் வரைக்கும் எங்களுக்கு எல்லாமே அழகா தான் தெரிஞ்சுது, ஜுவாலஜி மேடம் தான் பாத்துட்டு மூக்குக்கு மேல மஞ்சளா போட்டிருக்கீங்களே, அது மஞ்சள்மூக்கு ஆள்காட்டி, அது வேற பறவை, நம்ம கிரவுண்டுல இருக்கறது சிவப்புமூக்கு ஆள்காட்டி, கண்ணுக்கு முன்னாடி சிவப்பு சதை, சிவப்பு அலகு நுனில மட்டும் கருப்பு, கால் தான் மஞ்சள்னு உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தாங்க. பறவை கிளப் லோகோல பறவை தப்பா இருந்தா பாக்கத் தெரிஞ்சவங்க யாரும் நம்மள நம்ப மாட்டாங்க. மேடம், அந்த ஒரு மணி நேரத்துக்கு நன்றி.

மஞ்சள் காலும் கடைசி லோகோல இல்ல, அதுக்கு காரணம் பிரிண்டிங் அண்ணன். கிளப் பறவைக்காக இருக்கு, அப்புறம் எப்படி பிளாஸ்டிக் ப்ளெக்ஸ்ல பேனர் கட்டுறதுனு எங்களுக்குள்ள பெரிய பேச்சு ஓடுச்சு, கடைசில காடா துணில ஸ்கிரீன் பிரிண்ட் பண்ணலாம்னு முடிவு பண்ணோம். அண்ணன் பொறுமையா சொன்னாரு, ஸ்கிரீன் பிரிண்ட்ல ஒவ்வொரு கலருக்கும் தனி பிரேம், தனி ஸ்கிரீன், ஒவ்வொரு தடவையும் அச்சு கரெக்டா மேல உக்காரணும், மூணு கலர் நாலு கலர் போட்டா செலவும் ஏறும், கொஞ்சம் நகந்தாலும் அசிங்கமாயிடும், ரெண்டு கலர்ல முடிங்கனு. அதனால கருப்பும் சிவப்பும் மட்டும், துணியோட வெள்ளையே மூணாவது கலர். கழுத்துல இறங்குற அந்த வெள்ளைப் பட்டை நாங்க அச்சடிச்சது இல்ல, துணி தான். இன்னைக்கு தூரத்துல இருந்து பாத்தாலும் நம்ம லோகோ பளிச்சுனு தெரியுதுன்னா அந்த ரெண்டு கலர் தான் காரணம். டீசர்ட், துணிப்பை, பேனர் எல்லாமே அதே ரெண்டு ஸ்கிரீன்ல ஓடுது, புதுசா ஒன்னு செய்ய ஸ்கிரீன் செலவே இல்ல.

எழுத்து விஷயத்த கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா வேற கிளப்காரங்களும் இதுல மாட்டிக்கிறீங்க. போஸ்டர்ல பறவை பேரு எல்லாம் தமிழ்ல தான் வரணும்னு நாங்க ரொம்ப உறுதியா இருந்தோம், ஐயாவுக்கும் மெஸ் அக்காங்களுக்கும் தெரிஞ்ச பேர அவங்க படிக்கிற எழுத்துல போடாம என்ன பண்றது. ஆனா போட்டோஷாப்ல கொண்டலாத்தினு டைப் பண்ணா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமா பிரிஞ்சு, நடுவுல புள்ளி வட்டம் வந்து நிக்குது. ஒரு கடைல பாமினிங்குற பழைய தமிழ் பான்ட்ல திரும்ப டைப் பண்ணி குடுத்தாங்க, அந்த பைல எங்க லேப்டாப்ல திறந்தா வெறும் ஆங்கில எழுத்தும் செமிகோலனுமா இருக்கு, ஏன்னா அந்த பான்ட் இல்லாத மெஷின்ல அது தமிழே கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் தம்பி ஒருத்தன் தான் வழி கண்டுபிடிச்சான், எங்ககிட்ட இருந்த போட்டோஷாப்ல டைப் செட்டிங்ல தெற்காசிய எழுத்துகளுக்குனு ஒரு ஆப்ஷன் இருந்துச்சு, அத மாத்திட்டு சாப்ட்வேர மூடித் திறந்து புது பைல்ல டைப் பண்ணா ஒழுங்கா வந்துச்சு. பான்ட்டுக்கு கேடமரன், முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் இதெல்லாம் யார் வேணாலும் இலவசமா, பிரிண்டுக்கும் சேத்து, பயன்படுத்தலாம்னு திறந்த லைசன்ஸ்ல இருக்குனு அவன் தான் காட்டினான். நாங்க தலைப்புக்கு கேடமரன், உள்ள வர்றதுக்கு நோட்டோனு வெச்சுக்கிட்டோம், ரெண்டு வருஷமா மாத்தல. கடைக்கு குடுக்கும்போது எழுத்த கர்வ் போட்டு, அதாவது எழுத்த வெறும் வடிவமா மாத்தி, பிடிஎப்ஆ குடுத்துடுங்க, அப்போ அவங்க மெஷின்ல பான்ட் இல்லாட்டியும் உடையாது. தம்பி, அன்னைக்கு உனக்கு மறுநாள் இன்டர்னல் இருந்துச்சு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்த, மறக்க மாட்டேன்.

நவம்பர் 12, பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி பிறந்த நாள் அன்னைக்கு லோகோவ வெளியிட்டோம். லைப்ரரி வாசல்ல துணி பேனர் கட்டினது தோட்டத்து ஐயாவும் எலக்ட்ரீசியன் அண்ணனும். மரத்துல ஆணி அடிக்காம கயிறுலயே கட்டிக் குடுத்தீங்க, நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே.

இப்போ மெஸ். இத பத்தி நான் பக்கம் பக்கமா எழுதுவேன். பர்ஸ்ட் இயர் பொண்ணு ஒருத்தி சொன்ன ஐடியா, எல்லாரும் தினமும் கட்டாயம் படிக்கிற ஒரே போர்டு மெஸ் மெனு போர்டு தான், அதுல ஒரு வரி கேட்டு பாக்கலாம்னு. மெஸ் மாஸ்டர் அண்ணன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல, சரி எழுதிக்கோனு சாக்பீஸ கையில குடுத்துட்டாரு. அன்னைல இருந்து இட்லி, பொங்கல், சாம்பார்னு வரும், கீழ "இன்னைக்கு பாத்தது: பனங்காடை, வாட்டர் டேங்க் கம்பி மேல"னு வரும். அடுத்த நாள் செம்போத்து, அடுத்த நாள் பஞ்சுருட்டான். ஒரு மாசத்துல தட்டோட வரிசைல நிக்கிற பசங்க பனங்காடைனா எது, ப்ளூவா ரெக்க விரிக்குமே அதுவானு பேசிக்கிறது எங்க காதுல விழுந்துச்சு. அதுக்கு செலவு ஒரு சாக்பீஸ் டப்பா. எங்களுக்கு செமஸ்டர் எக்ஸாம் வந்து ஒரு வாரம் எழுத முடியல, அந்த வாரம் மாஸ்டர் அண்ணன் காலைல அஞ்சு மணிக்கு பால் வாங்க வரும்போது பாத்தத அவரே எழுதிட்டாரு. புள்ளி ஆந்தை, மரத்து பொந்துல ரெண்டுனு எழுதியிருந்துச்சு. அத பாத்துட்டு நான் தட்டோட அப்படியே நின்னுட்டேன் அண்ணா. கிளப் எங்களோடது மட்டும் இல்லனு அன்னைக்கு தான் புரிஞ்சுது.

அப்புறம் செக்யூரிட்டி தாத்தா. ரெண்டாவது வருஷம் அக்டோபர்ல விடியக்காலைல போன் பண்ணீங்க, காரிடார்ல கலர் கலரா ஒரு குருவி விழுந்து கிடக்குது, பூனை வர்றதுக்குள்ள வாங்கனு. ஆறுமணிக்குருவி. வட இந்தியா, மத்திய இந்தியா பக்கம் மழைக்காலத்துல குஞ்சு பொரிச்சுட்டு குளிருக்கு நம்ம பக்கமும் இலங்கைக்கும் வர்றது, ராத்திரில பறந்து வந்து களைச்சு போய் கட்டடத்துல மோதி விழும். நாங்க ஓடி வர்றதுக்குள்ள நீங்களே அட்டைப்பெட்டில ஓட்ட போட்டு, உள்ள வெச்சு மூடி, இருட்டா சத்தம் இல்லாத இடத்துல வெச்சிருந்தீங்க, தண்ணிய வாயில ஊத்தல, கையில வெச்சு போட்டோ எடுக்கல. போன வருஷம் நாங்க செக்யூரிட்டி ரூம்ல ஒட்டின சின்ன நோட்டீஸ்ல இருந்தது அப்படியே. சாயந்திரம் திறந்து விட்டோம், புதருக்குள்ள போயிடுச்சு, ஆறு மணிக்கு ஒரு குரல் குடுத்துச்சு. நாங்க ஒட்டினதுலயே ரொம்ப பிரயோஜனமான நோட்டீஸ் அது தான், அதுல டிசைன்னு ஒன்னுமே கிடையாது, ஏ4ல பெரிய எழுத்து, நாலு வரி, அவ்வளவு தான்.

லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் மேடத்துக்கு தனியா சொல்லணும். பறவை பாக்க ஆறு மணிக்கு கிளம்பணும், கேட் திறக்கறதே ஆறரைக்கு. பசங்க மட்டும் போயிட்டு வந்து போட்டோ போடுற கிளப்பா இது ஆகிடும்னு நான் ரொம்ப பயந்தேன். மேடம் லிஸ்ட் குடுங்க, சைன் போட்டுட்டு போங்கனு ஞாயித்துக்கிழமைக்கு அனுமதி வாங்கி குடுத்தாங்க, முதல் ரெண்டு வாரம் அவங்களே கூட நடந்து வந்தாங்க. இன்னைக்கு வாக்குக்கு வர்றவங்கள்ல பாதிக்கு மேல பொண்ணுங்க. எந்த போஸ்டராலயும் இது நடந்திருக்காது மேடம்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015ல இருந்து தமிழ்நாடு முழுக்க நடக்குது, ஆனா அந்த நாலு நாள் கேம்பஸ்ல யாருமே இருக்க மாட்டோம். அதனால எல்லாரும் அவங்கவங்க ஊர்ல பதினஞ்சு நிமிஷம் நின்னு பாத்து, பாத்த பறவைய பதிவு பண்ற ஈபேர்ட் சைட்ல லிஸ்ட் போடுங்கனு சொன்னோம். சொன்னதோட நிக்காம அப்பா, அம்மா, ஆயாவ எல்லாம் கூட கூட்டிட்டு போய் பண்ணவங்களுக்கு நன்றி. உங்க ஊர்ல எந்த குருவிக்கு என்ன பேருனு நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தயும் சேத்து வெச்சிருக்கேன், பிப்ரவரி கேம்பஸ் கணக்கெடுப்பு போஸ்டர்ல இருந்த பேரு எல்லாம் அதுல இருந்து வந்தது தான். கரைவெட்டி பறவைகள் சரணாலயத்துக்கு பஸ் ஏற்பாடு பண்ணிக் குடுத்த என்எஸ்எஸ் சாருக்கும் நன்றி. வரித்தலை வாத்து இமயமலைய தாண்டி அந்த ஏரிக்கு வருதுனு தெரிஞ்சப்போ பஸ்ல வந்தவங்க முகத்த பாத்தேன், அது போதும் சார்.

தப்பும் நடந்துச்சு. ப்ரீயா கியூஆர் குடுக்குற ஒரு சைட்ல போஸ்டருக்கு கோட் எடுத்தோம், ரெண்டு வாரத்துல காசு கட்டுனு கேட்டு லிங்க் செத்துப்போச்சு, ஒட்டின போஸ்டர் எல்லாம் வேஸ்ட். நேரா நம்ம லிங்கே உள்ள இருக்குற மாதிரி கோட் எடுத்தா காலாவதியே ஆகாது, இது தெரியாம நிறைய பேர் ஏமாறாங்க. கோட் மேல கையால போன் நம்பர் எழுதி, ஒவ்வொரு போர்டா போய் சரி பண்ண செகண்ட் இயர் பசங்களுக்கு நன்றி.

இதவிட பெரிய தப்பு என்னோடது. மார்ச்ல கிரவுண்டு ஓரத்துல ஆள்காட்டி முட்ட வெச்சுது, வெறும் தரைல கூழாங்கல்லுக்கு நடுவுல நாலு முட்ட. நம்ம லோகோ பறவையாச்சேனு சந்தோஷத்துல படம் எடுத்து இன்ஸ்டால போட்டேன். நம்ம பேஜ்லயே அதிகமா ஷேர் ஆன போஸ்ட் அது. மூணு மணி நேரத்துல ஒரு ஜூனியர் பொண்ணு எனக்கு மெசேஜ் பண்ணா, அக்கா, இத பாத்து கூட்டம் போனா தாய் முட்டைல உக்காராது, வெயில்ல வெந்துடும், எடுத்துடுங்கனு. எடுத்துட்டேன். பேஜ் வளருதுங்குற நினைப்புல நான் பாக்காம விட்டத நீ பாத்த. நீ பயப்படாம என்கிட்ட சொன்னதுக்கு நன்றிம்மா. கிரவுண்டு அண்ணன் அந்த ஒரு மாசம் புல் வெட்டுற மெஷின அந்தப் பக்கமே ஓட்டல, சுத்தி நாலு கல்லு வெச்சு பந்து போனா அவரே எடுத்து குடுத்தாரு. மூணு குஞ்சு வெளிய வந்துச்சு. படம் யார்கிட்டயும் இல்ல, பாத்தது நாங்க நாலஞ்சு பேர் தான்.

அடுத்து பொறுப்பு எடுக்குறவங்களுக்கு: ஸ்கிரீன் பிரேம் ரெண்டும் பாட்டனி ஸ்டோர் ரூம்ல மேல் தட்டுல நியூஸ்பேப்பர்ல சுத்தி இருக்கு, கருப்பு எது சிவப்பு எதுனு மேல எழுதிருக்கேன். லோகோ பைல், பான்ட், ஊர் ஊரா வந்த பேர் லிஸ்ட் எல்லாம் கிளப் டிரைவ்ல இருக்கு, பாஸ்வேர்ட் மேடம்கிட்ட. எந்த புது டிசைன் போட்டாலும் லைப்ரரி பின்னாடி போய் ஐயாகிட்ட ஒரு தடவ காட்டிடுங்க. மெஸ்ல சாக்பீஸ் ஜூன் வரைக்கும் தான் வரும், புது டப்பா வாங்கி குடுத்துடுங்க.